குளிரா, மெழுகா, உறையா? பறித்த ஆரஞ்சையும் எலுமிச்சையையும் வைக்கும் வழிகள்

நாலைந்து பெட்டி எலுமிச்சையோ ஆரஞ்சோ ஒரே நாளில் மரத்திலிருந்து இறங்கிவிட்டால், இதையெல்லாம் எப்படி வைப்பது என்ற கவலையும் கூடவே இறங்கிவிடும். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதாவது இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஃபிரிட்ஜா, வெளியிலா? மெழுகு பூசலாமா, பிளாஸ்டிக்கில் சுற்றலாமா? சுடுநீரில் முக்கியெடுத்தால் கெடாது என்கிறார்களே, நிஜமா? எதற்கும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிந்ததில்லை. பழம் எதனால் கெடுகிறது என்று தெரிந்தால்தான் எந்த வழி உதவும் என்று சொல்ல முடியும்.

## பழத்துக்கு வரும் இரண்டு எமன்கள்

ஆரஞ்சு, கமலா, எலுமிச்சை, சாத்துக்குடி, பம்பளிமாஸ் எல்லாம் ஒரே குடும்பம். வாழையும் மாம்பழமும் போலப் பறித்தபின் பழுக்கிற சாதி இல்லை. உள்ளே மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. பறித்த நேரத்தில் என்ன சர்க்கரை இருந்ததோ அதுதான் கடைசிவரை. சில நாள் வைத்த ஆரஞ்சு கொஞ்சம் இனிப்பாகத் தெரிந்தால், புளிப்பு மெல்லக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் காயாகப் பறித்து வைத்துப் பழுக்கவிடும் யோசனை இங்கே செல்லாது. ஆனால் இந்தக் குணத்தால் ஒரு லாபமும் உண்டு. மெதுவாக மூச்சுவிடும் பழம், தானாக அவசரப்பட்டு முதிர்ந்து அழுகாது.

அப்படியிருந்தும் கெடுகிறதென்றால் முதல் காரணம் தாகம். மரத்திலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றுவிட்டது, தோல் வழியாகப் போவது மட்டும் நிற்கவில்லை. எடையில் 5, 6 சதவீதம் நீர் போனாலே தோல் சுருங்கிக் கிழடு தட்டிவிடும். அப்போதும் உள்ளே சுளை பெரும்பாலும் சாறோடுதான் இருக்கும். முதலில் காய்வது தோல்தான்.

இரண்டாவது பூசணம். பச்சைப் பூசணம், நீலப் பூசணம் என்று இரண்டு முக்கியமானவை. பெனிசிலியம் டிஜிட்டாட்டம், பெனிசிலியம் இட்டாலிகம் என்பவை அவற்றின் அறிவியல் பெயர்கள். இரண்டின் வித்துகளுக்கும் நல்ல தோலைத் துளைத்து உள்ளே போகத் தெரியாது. நகம் பட்ட கீறல், முள் குத்தின புள்ளி, காம்பைப் பிடுங்கியதில் கிழிந்த இடம் என்று ஏதாவது ஒரு வாசல் வேண்டும். வாசல் கிடைத்துவிட்டால், 24, 25 டிகிரி செல்சியஸில் பச்சைப் பூசணம் சில நாட்களிலேயே பழம் முழுவதையும் மூடிவிடும். அப்படி மூடிய ஒரே பழத்தில் நூறு கோடிக்கு மேல் வித்துகள் இருக்கும். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பச்சைத் தூள் மற்ற பழங்கள் மேலெல்லாம் படிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், தாகத்துக்கு மருந்து ஈரம். அதே ஈரம் பூசணத்துக்கு விருந்து. கீழே வரும் வழிகளில் பெரும்பாலானவை ஒரு எமனைத் தடுக்கும்போது இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. அதனால்தான் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் குழம்புகிறது.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

ஐந்து விஷயங்கள். நீரிழப்பைத் தடுக்கிறதா? பூசணத்தைத் தடுக்கிறதா? சுவை அப்படியே இருக்கிறதா? தோலுக்கு வேறு கேடு வருகிறதா? அப்புறம், கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன: உழைப்பு, கருவி, குப்பை, அடுத்த பருவத்து விளைச்சல் எல்லாம் சேர்த்து.

இதில் சுவையைத்தான் எல்லாரும் கடைசியில் வைக்கிறார்கள். பளபளவென்று இருக்கும் கமலாவை உரித்து வாயில் போட்டதும் கள் வாடை அடித்த அனுபவம் உள்ளவர்கள் அப்படி வைக்கமாட்டார்கள்.

## மரத்திலேயே விட்டுவைப்பது

பலரும் யோசிக்காத வழி இது. பறித்தபின் பழுக்காத பழம் என்பதால், முதிர்ந்த பிறகும் மரத்தில் வாரக்கணக்கில் தொங்கவிடலாம். கிரேப்ஃப்ரூட், வலென்சியா ஆரஞ்சு போன்றவை மாதக்கணக்கில்கூடத் தாங்கும். தண்ணீர் மரத்திலிருந்து வருகிறது, காயமும் படவில்லை. இரண்டு எமன்களும் தள்ளியே நிற்கும். கருவி எதுவும் வேண்டாம்.

செலவு பிறகு வரும். பழத்தைச் சுமந்துகொண்டே நிற்கும் மரம் அடுத்த பருவத்தில் குறைவாகக் காய்க்கும். வலென்சியா வெயில் கூடும்போது மறுபடி பச்சை நிறத்துக்குத் திரும்பும். சுவைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வாங்குகிறவர் காய் என்றே நினைப்பார். கமலாவுக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது. தோல் சுளையைவிட்டு விலகி உப்பிக்கொள்ளும், சுளை சக்கையாகும். உறைபனி விழும் இடத்திலும், பழ ஈ தொல்லை உள்ள இடத்திலும் காத்திருப்பது சூதாட்டம்.

வீட்டில் ஒன்றிரண்டு மரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்: தேவைக்குத் தேவை பறியுங்கள், சேமிப்புக் கிடங்கு மரமே.

## வெறுமனே வெளியில்

காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம், நல்ல தோலுள்ள ஆரஞ்சு என்றால் அதற்குக் கொஞ்சம் மேலே. அதற்குள் தீர்ந்துவிடும் என்றால் வேறெதுவும் செய்ய வேண்டாம். குவித்து மட்டும் வைக்காதீர்கள். அடியில் நசுங்கிய பழத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கும்.

## குளிர்

பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது ஃபிரிட்ஜ் கதவுக்குத்தான். காரணமும் சரியானதே. குளிரில் பழத்தின் மூச்சு குறையும், பச்சைப் பூசணம் தூங்கிப்போகும். ஆனால் இந்தக் குடும்பத்துக்குக் கடுங்குளிர் ஆகாது, அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. ஆரஞ்சு பொதுவாக 3 முதல் 8 டிகிரி வரை தாங்கும், கமலா ஏறக்குறைய 4 முதல் 8. எலுமிச்சைக்கு 10 முதல் 13 வேண்டும், கிரேப்ஃப்ரூட்டுக்கு 12 முதல் 14. ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

இப்போது வீட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள். ஏறக்குறைய 4 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் வறண்ட காற்று. ஆரஞ்சுக்கு வெப்பம் சரி, காற்று தவறு. எலுமிச்சைக்கு இரண்டுமே தவறு. மூன்று நான்கு வாரத்துக்கு எலுமிச்சை பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் குளிர்க்காயம் உடனே வருவதில்லை. நாட்கள் கூடக்கூடத்தான் தோலில் குழிகுழியாக விழும், உள்ளே சுளைகளைப் பிரிக்கும் சவ்வு பழுப்பாகும். இதில் ஒரு ஏமாற்றும் உண்டு: குளிரில் இருக்கும்வரை பழம் நன்றாகவே தெரியும். வெளியே எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் குழிகள் தலைகாட்டும். குளிர்க்கிடங்கிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் பிரமாதம் என்று அனுப்பிவைத்தவர்களுக்குப் புகார் வருவது இதனால்தான்.

பூசணக் கணக்கும் முழுதாகச் சரியாகாது. 10 டிகிரிக்குக் கீழே பச்சை அடங்கும்போது நீலப் பூசணம் அதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். நீலம் ஒரு பழத்திலிருந்து ஒட்டியிருக்கும் பழத்துக்கு, காயமில்லாத தோல் வழியாகவும் பரவக்கூடியது. அதனால் நீண்ட நாள் குளிர்க்கிடங்கில் நாலைந்து பழம் சேர்ந்தாற்போலக் கூடுகட்டி அழுகியிருப்பதைப் பார்க்கலாம்.

சரியான குளிரும் சரியான ஈரமும் கொடுக்க முடிந்தால் இதை அடிக்க வேறு வழி இல்லை. பச்சையாகப் பறித்த எலுமிச்சையை 13 டிகிரியை ஒட்டி வைத்தால் மெதுவாக மஞ்சளாகும், தோல் மெலியும், சாறு கூடிவரும். நாலு மாதம், அதற்கு மேலும் தாங்கும். மறைந்திருக்கும் செலவு மின்சாரம் மட்டுமில்லை. ஒரே அறையில் ஆரஞ்சையும் எலுமிச்சையையும் போட்டால் யாராவது ஒருவருக்குத் தப்பான வெப்பம்தான் கிடைக்கும்.

## மெழுகு

பழைய யோசனை. சீனாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளிலேயே ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் மெழுகு பூசியிருக்கிறார்கள். இன்று கார்னுபா மெழுகு, அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக், பாலிஎத்திலீன் மெழுகு என்று பல வகை. பழத்தைக் கழுவித் தேய்க்கும்போது அதன் இயற்கை மெழுகு கொஞ்சம் போய்விடும். பூச்சு அதை ஈடுகட்டி, பளபளப்பும் கொடுக்கிறது.

பளபளப்புக்காகப் பூசினால் தப்பில்லை. நீரைக் காக்கப் பூசினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இஸ்ரேலின் வோல்கனி ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் இந்தப் பழங்களோடு மல்லுக்கட்டிய தாவர உடலியல் அறிஞர் சிம்ஷோன் பென்-யெஹோஷுவா, 1985இல் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு நல்ல விடை கண்டார். ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் தோலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, வாயுக்களும் நீராவியும் எந்த வழியாகப் போகின்றன என்று அளந்தார்கள். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் தோலிலுள்ள இலைத்துளைகளின் மிச்சமிருக்கும் சிறு இடுக்கு வழியாகப் போகின்றன. நீர் போவது வேறு பாதையில், தோலின் மேற்படலம் வழியாகவே. மெழுகு பூசினால் அது துளைகளை அடைக்கிறது. மேற்படலத்தின்மேலோ விரிசல் விரிசலாகத்தான் படிகிறது. அதாவது, விட வேண்டிய காற்றைத் தடுத்து, தடுக்க வேண்டிய நீரை விடுகிறது!

இதைப் படித்த பிறகு மெழுகுப் பழத்தைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது. மூச்சு முட்டிய பழம் உள்ளே நொதிக்கத் தொடங்கும், எத்தனால் சேரும், அந்தக் கள் வாடை வரும். கமலா இதில் எல்லாவற்றையும்விட மோசம். ஷெல்லாக் கனமாகப் பூசிய கமலாவைச் சூடான இடத்தில் வைத்தால் சீக்கிரம் சுவை கெடும். பாலிஎத்திலீன் மெழுகு காற்றைக் கொஞ்சம் தாராளமாக விடும், ஆனால் பளபளப்பு குறைவு. ஷெல்லாக் பூசிய பழத்தைக் குளிரிலிருந்து எடுத்து வியர்க்கவிட்டால் மேலே வெள்ளை பூக்கும்.

எடையிழப்பை மெழுகு ஓரளவு குறைக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பழம் கழுவித் தரம்பிரித்து அனுப்புகிறவருக்கு வேகமான வழியும் இதுதான். வீட்டில் உருக்கிப் பூசிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். படலத்தின் கனம் கைக்கு அடங்காது.

## ஒவ்வொன்றாக உறையிடுவது

பென்-யெஹோஷுவாவின் பெயரை அதிகம் பேசவைத்தது இந்த வழி. 1970களின் இறுதியில் அவரும் கூட்டாளிகளும் பழங்களைத் தனித்தனியாக, ஏறக்குறைய 10 மைக்ரான் கனமுள்ள அடர் பாலிஎத்திலீன் படலத்தில் சுற்றி, சூட்டில் சுருங்கவைத்து ஒட்டவைத்தார்கள். படலம் நீரிழப்பைத் தொண்ணூறு சதவீதம் குறைத்தது. காற்றுப் போக்குவரத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. மெழுகு செய்ததற்கு நேர் எதிர்.

1981இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது: குளிரையும் உறையையும் நேருக்கு நேர் நிறுத்தி, பல வகைப் பழங்களில் ஒப்பிட்டார்கள். எடை குறையாமல், பழம் தளராமல் காப்பதில் உறை குளிரை மிஞ்சியது. சாதாரண அறை வெப்பத்தில் உறையிட்டு வைத்த பழம், உறையில்லாமல் குளிரில் இருந்த பழத்தைவிடக் கெட்டியாக இருந்தது.

ஏன்? 1983இல் எலுமிச்சையையும் குடைமிளகாயையும் வைத்து அதையும் தேடினார்கள். உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடைச் சேர்த்தபோது உறையின் நன்மை போய்விட்டது. ஆக, வேலை செய்தது பழத்தைச் சுற்றி நிறைந்திருந்த ஈரம். பழம் கிழடாவதில் பெரும் பங்கு வயதுக்கு இல்லை, தாகத்துக்குத்தான். குளிரைத் தாங்காத வகைகளில் உறை குளிர்க்காயத்தையும் குறைக்கிறது.

அப்படியானால் எல்லாரும் ஏன் இதைச் செய்யவில்லை? முதல் காரணம் பூசணம். அறை வெப்பமும் நிறைந்த ஈரமும் அதற்குச் சொர்க்கம். காயம்பட்ட ஒரு பழத்தை உறையிட்டால் பூசணத்துக்குத் தனி வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ஆனால் அந்த வீட்டுக்குச் சுவர் உண்டு: உள்ளே கெட்ட பழம் பக்கத்துப் பழத்தின் மேல் தூளைக் கொட்டாது. தனித்தனி உறைக்கும் பொதுப் பைக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். இது புரியாமல் ஒருமுறை ஒரு கூடை எலுமிச்சையை ஒரே பாலித்தீன் பையில் கொட்டி முடிச்சுப் போட்டு வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது பை முழுக்கப் பச்சைப் புகை.

இரண்டாவது காரணம் கை வேலை. ஒவ்வொரு பழமாக எடுத்துச் சுற்ற ஆளோ இயந்திரமோ வேண்டும். மூன்றாவது, குப்பை, பழத்துக்கு ஒரு பிளாஸ்டிக் என்பது இன்று யாருக்கும் உவப்பாக இல்லை. உறையிட்ட பழம் மெதுவாகத்தான் குளிரும், ஆகவே உறையிட்டுவிட்டுக் குளிர்விக்க நினைப்பவர் கூடுதல் நேரம் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டளவில் செய்யலாம். நன்றாக உலர்ந்த, கீறலில்லாத எலுமிச்சையைத் தனித்தனியாக மெல்லிய படலத்தில் சுற்றி ஃபிரிட்ஜின் குளிர் குறைந்த தட்டில் வையுங்கள். ஆய்வில் வந்த படலம் வேறு, கையில் கிடைப்பது வேறு. இருந்தாலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தத்துவம் ஒன்றே.

## சூடு

பழத்தைக் காப்பாற்ற அதைச் சுடவைப்பதா என்று கேட்கலாம். அறுவடைக்குப் பின் பழத்தை வெதுவெதுப்பில் வைத்தால் காயங்கள் ஆறி, பூசணம் குறைகிறது என்று 1948இலேயே ஹாப்கின்ஸ், லௌக்ஸ் என்ற இருவர் காட்டியிருந்தார்கள். அதில் தொல்லை, சூட்டில் பழம் காய்ந்துபோவது. பென்-யெஹோஷுவா குழு உறையிட்ட பழத்தை 36 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தது. ஈரம் போகவில்லை, காயத்தைச் சுற்றி லிக்னின் (மரக்கட்டைக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்) படிந்து தழும்பு கட்டியது, பூசணத்தை எதிர்க்கும் ஸ்கோபரோன் என்ற பொருளைத் தோல் தானே சுரந்தது. உறையின் பலவீனத்தைச் சூடும் சூட்டின் பலவீனத்தை உறையும் அடைத்த ஜோடிப் பொருத்தம் அது.

மூன்று நாள் சூடான அறை என்பது பெரும் பாரம். எரிபொருள், இடம், காத்திருப்பு எல்லாம் வேண்டும். அதனால் சுடுநீர் வந்தது: 52, 53 டிகிரி நீரில் 2 நிமிடம். வித்துகள் கழுவிப்போகும், தோலின் மெழுகு லேசாக உருகிச் சிறு விரிசல்களை அடைக்கும். அளவுதான் பிரச்சினை. இரண்டு மூன்று டிகிரி கூடினால் தோல் வெந்துவிடும்; குறைந்தால் வெறும் குளியல். வெப்பமானி இல்லாமல் விரலை விட்டுப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

சமையல் சோடா பற்றியும் கேட்கிறார்கள். 2, 3 சதவீதக் கரைசலில் சில நிமிடம் முக்கி, நல்ல நீரில் அலசி உலர்த்தினால் பச்சைப் பூசணம் குறையும். வித்துகளைக் கொல்லாது, முளைக்காமல் நிறுத்திவைக்கும். பிறகு வரும் காயத்துக்குக் காவல் கிடையாது. பெரிய கிடங்குகளில் இமசாலில் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைப் பயன்படுத்துகிறார்கள். வேலை செய்யும், எச்சம் தோலில் தங்கும், வருடக்கணக்கில் ஒன்றையே அடித்தால் பூசணம் பழகிவிடும். தோலைத் துருவியோ ஊறவைத்தோ சாப்பிடப் போகிறவர் இதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | நீரிழப்பு | பூசணம் | சுவை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மரத்திலேயே | இல்லை | மிகக் குறைவு | நன்று. கமலாவுக்கு ஆகாது | அடுத்த பருவத்து விளைச்சல் |
| வெளியில் | அதிகம் | வெப்பத்தைப் பொறுத்தது | ஒரு வாரம் நன்று | சுருங்கும் தோல் |
| குளிர் | ஈரம் இருந்தால் குறைவு | பச்சை அடங்கும், நீலம் மிஞ்சும் | நன்று | தாமதமாகத் தெரியும் குளிர்க்காயம் |
| மெழுகு | ஓரளவே குறையும் | தானாகத் தடுக்காது | கமலாவில் கள் வாடை | கழுவி உலர்த்தும் ஏற்பாடு |
| தனி உறை | மிகக் குறைவு | பரவாது. உள்ளே வளரும் | நன்று | கை வேலை, பிளாஸ்டிக் |
| சூடு | உறையோடு செய்தால் குறைவு | நன்றாகக் குறையும் | அளவு தப்பாவிட்டால் நன்று | எரிபொருள், வெந்துபோகும் ஆபத்து |

## என் தேர்வு

எலுமிச்சையை மாதக்கணக்கில் வைக்க வேண்டும், 12, 13 டிகிரி கொடுக்கும் இடம் இருக்கிறது என்றால் குளிர். அந்த இடம் இல்லாதவருக்குத் தனி உறை. இந்த இரண்டையும் சேர்க்க முடிந்தவர் பாக்கியவான்.

கமலா என்றால் வேகமாகத் தின்று தீர்ப்பதே முதல் யோசனை. வைத்தே ஆகவேண்டுமென்றால் 5 டிகிரியை ஒட்டிய குளிரில் சில வாரம், மெழுகில்லாமல். ஆரஞ்சு இவற்றில் எல்லாம் சாது. ஃபிரிட்ஜிலேயே, காற்று கொஞ்சம் போகும் பையில், ஒரு மாதம் ஓட்டிவிடும். பம்பளிமாஸுக்குத் தோல் தடிமன் என்பதால் அவசரம் குறைவு; ஆனால் ஃபிரிட்ஜுக்குள் திணிக்காதீர்கள்.

சிறிய தோட்டக்காரர், ரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர், பூசணத்தால் பாதி பெட்டியை இழக்கிறவர் என்றால் சுடுநீர்த் தொட்டியில் போடும் காசு வீணாகாது. இழப்பு பூசணத்தால் இல்லாமல் சுருக்கத்தால் என்றால் அதே தொட்டி சும்மாதான் கிடக்கும். எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பெட்டியை இரண்டு வாரம் வைத்து, கழித்துப்போட்ட பழங்களை எண்ணுங்கள்: சுருங்கியவை எத்தனை, பூத்தவை எத்தனை.

எண்ணும்போது இன்னொன்றும் தெரியவரும். பூத்த பழங்களில் பெரும்பாலானவை காம்பு பிய்ந்தவையாகவோ கீறல் பட்டவையாகவோ இருக்கும். பிடுங்காமல் கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுவது, பனி காய்ந்த பிறகு பறிப்பது (ஈரத்தில் விறைத்து நிற்கும் தோலை அழுத்தினால் எண்ணெய்ப் பைகள் உடைந்து கறை விழும்), நகத்தை வெட்டிக்கொண்டு பெட்டியில் மெல்ல வைப்பது. மேலே சொன்ன எந்த வழிக்கும் முன்னால் செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

அப்புறம், பெட்டியில் ஒரு பழம் பச்சையாகப் பூத்திருந்தால் அதை வெட்டிச் சரிபண்ணப் பார்க்காதீர்கள். மூச்சு விடாமல், அசைக்காமல் ஒரு பையால் மூடி வெளியே எடுத்துப் போடுங்கள். ஒட்டியிருந்த பழங்களைக் கழுவித் துடைத்து அன்றைக்கே பிழிந்துவிடுங்கள்.